கும்மட்டத்துச் சிமெண்ட்

சொராய்தா அக்கா வீட்டில் தளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. முற்றத்தில் அண்டாவை ஏற்றி, பன்றித்தலை, மரவள்ளி, வாழைக்காய், மக்காச்சோளம் என்று அகப்பட்டதையெல்லாம் போட்டுக் காலையிலிருந்தே சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ஹவானாவில் இதுதான் முறை. தளம் போடுகிறவர் வீட்டிலிருந்து சாப்பாடும் ரம்மும், அக்கம்பக்கத்திலிருந்து ஆள் பலமும். யாரையும் போய்க் கூப்பிட வேண்டாம். கலவை புரட்டும் சத்தம் கேட்டால் போதும், போர்த்திப் படுத்திருந்தவன்கூட எழுந்து வந்து வாளி வரிசையில் நின்றுவிடுவான். வராமல் இருந்தவன் அப்புறம் மாடிப்படியில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாது. ஆரம்பித்த தளத்தை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதும் முறைதான். நிறுத்தினால் ஒட்டு விழும், ஒட்டு விழுந்தால் அங்கேதான் விரிசல் விடும் என்பார்கள்.

அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி நின்றவன் ஒஸ்மேல். சுதை வேலைக்காரன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கபித்தோலியோவில், அதாவது அந்தக் காலத்தில் பாராளுமன்றம் கூடிய மாளிகையில், உள்கூரைப் பூக்களை வார்த்து ஒட்டுகிற வேலை. நகரத்துக்கு ஐந்நூறாவது பிறந்தநாள் வருகிறது என்று அந்த மாளிகையை வருஷக்கணக்காகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முற்றத்தில் நின்று அண்ணாந்தால் துணிக்கொடிகளுக்கு மேலே கும்மட்டத்தில் ஒரு துண்டு தெரியும், சாரம் கட்டியபடி. அதைக் கை நீட்டிக் காட்டாமல் ஒஸ்மேலுக்குப் பேச வராது.

"புரட்டுங்கடா நல்லா! அதை எத்தனை வருஷத்துல கட்டுனாங்கன்னு நினைக்கிறீங்க? மூணு வருஷம், மேல கொஞ்சம். சதுப்பு நிலம் அது. அதுல ஒரு ரயில் ஸ்டேஷன் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டு, எண்ணாயிரம் பேரை விட்டு..."

"எண்ணாயிரம் பேர்ல உன்னை மாதிரி வாய்ல கட்டுனவங்க எத்தனை பேருண்ணா?" என்றான் ரெய்தெல். சொராய்தா அக்காவின் மருமகன், குவாந்தனாமோக்காரன், வாய் துடுக்கு. "இங்க நாங்க ஒரு கைப்பிடி ஆளு. வாளியைத் தூக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஒஸ்மேலும் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கினான்.

எங்கள் கட்டடம் சர்க்கரை முதலாளி ஒருவன் தன் குடும்பத்துக்காகக் கட்டியது. இப்போது அறைக்கு ஒரு குடும்பம். கூரை அவ்வளவு உயரம் என்பதால் எல்லோரும் பாதி உயரத்தில் ஒரு தளம் போட்டு, ஒரு அறையை இரண்டாக்கிக்கொள்வோம். பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மனுஷர் படுக்கிற பரண். சொராய்தா அக்காவின் பரண் மரத்தில் இருந்தது, கரையான் அரித்துப் போனது. மகள் மைலினுக்குக் குழந்தை பிறந்து, ஒரே அறையில் அக்கா, மகள், மருமகன், பிள்ளை, போதாததற்கு ஒரு கோழி. ரெய்தெலின் அப்பா அம்மா ஊரிலிருந்து சொல்லிச் சொல்லி அனுப்பினார்கள்: இங்கே வீடு காலியாகக் கிடக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்று. குவாந்தனாமோ தீவின் அந்தக் கோடி. போனால் வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தால் உண்டு. பரணுக்குக் கான்கிரீட் தளம் போட்டால் அவர்கள் இருப்பார்கள், போடாவிட்டால் போய்விடுவார்கள். அக்காவுக்கு இருந்தது இந்த ஒரே கவலைதான்.

சிமெண்டுக்கு எங்கே போவது? ஒஸ்மேல்தான், "நான் பாத்துக்கறேன் அக்கா" என்றான்.

அவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்த கடைசி வருஷம் முழுக்க, ஒஸ்மேலும் அவன் மனைவி இதால்மிஸும் வேலைக்குப் போன நேரமெல்லாம், கிழவரைப் பார்த்துக்கொண்டவள் சொராய்தா அக்கா. ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு சோப்புக்கட்டிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

ஆக, தினமும் ஒரு பை. மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு பை சிமெண்ட். இதை எங்கள் ஊரில் யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். திருட்டு என்றால் அடுத்த வீட்டுக்காரனுடையதை எடுப்பது. இது சமாளிப்பது. சரக்கறை பார்த்துக்கொள்கிற ஞிக்கோ பையை நிரப்பிக் கொடுப்பான், ஒஸ்மேல் குனிந்த தலை நிமிராமல் வெளியே நடப்பான். கடைசி சில வாரங்கள் அவசரம். ஞிக்கோ எந்தப் பீப்பாயிலிருந்து அள்ளினான் என்று இவன் பார்க்கவில்லை. முதல் பீப்பாய் நிரம்பிவிட்டதால், கொண்டுவந்து எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இருட்டு மூலையில் இருந்த இரண்டாவது பீப்பாயில் கொட்டிவிட்டு மூடியைப் போட்டான். அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது பீப்பாயைத்தான் ரெய்தெல் முற்றத்துக்கு உருட்டிவந்து திறந்தான். ஜன்னல் பக்கத்துப் பாதித் தளம் அதற்குள் போட்டாகிவிட்டது. சுவர் பக்கத்துப் பாதி பாக்கி.

"என்னண்ணா இது? காப்பியில பாலை ஊத்துன மாதிரி இருக்கு?"

ஒஸ்மேல் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தான். சிமெண்ட் மாவு மாதிரி இருக்கும். இது விரலிடுக்கில் நறநறவென்றது. சுண்ணாம்பு, கல்தூள், பேருக்குக் கொஞ்சம் சிமெண்ட். மாளிகையின் வெளிச்சுவரில் கல் பெயர்ந்த இடத்தில் அப்பி, கல் மாதிரியே தேய்த்துவிடுகிற தூள். இருபது வருஷமாக இந்த வேலையில் இருக்கிற கைக்குத் தெரியாதா?

வாளி வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அண்டாப் பக்கத்திலிருந்து சொராய்தா அக்காவும், கரண்டியைப் பிடித்தபடி.

சொல்லியிருக்கலாம். தப்பாயிடுச்சு, நிறுத்துங்க, இது தளத்துக்கு ஆகாது. வாயைத் திறந்தால் வந்திருக்கும். ஆனால் காலையிலிருந்து கும்மட்டம் கும்மட்டம் என்று பேசிய வாய் அது. இத்தனை பேர் முன்னால் அது எப்படித் திரும்பும்? பாழாய்ப்போன வாய்.

"இதுதான்டா அசல் சரக்கு," என்றான். "கும்மட்டத்துக்குப் போறது. வெளிநாட்டுச் சிமெண்ட். பேரப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை காலத்துக்கும் நிக்கும். புரட்டுங்க!"

"கும்மட்டத்துச் சிமெண்டாம்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே ஆரவாரம். வரிசை மறுபடி ஓட ஆரம்பித்தது. சொராய்தா அக்கா கரண்டியோடு வந்து அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "உங்கப்பா இருந்து பாக்கணும்டா தம்பி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவன் தரையைப் பார்த்தான். சாறு ஊற்றியபோது வேண்டாமென்றால் யாராவது ஏன் என்று கேட்பார்களே என்று இரண்டு தட்டு குடித்தான்.

மறுநாள் ஞிக்கோவைச் சரக்கறையிலேயே பிடித்தான்.

"கடைசியில என்னத்தடா அள்ளிப் போட்ட?"

"சிமெண்ட் தீந்துபோச்சு. பூச்சுத் தூளைப் போட்டேன். ஏன், உனக்குச் சுவர் பூசத்தானே?"

"தளத்துக்குடா!"

ஞிக்கோவுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, நீ சொல்லவே இல்லையே! அதுல தளமா? சின்னப்பிள்ளை குதிச்சா கொட்டிடுமே. உடனே போயி உடைக்கச் சொல்லு."

"சொல்றேன், சொல்றேன்."

"நான் குடுத்தேன்னு சொல்லித் தொலைக்காத."

ஒஸ்மேல் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சொல்லலாம் என்று போனான். மைலின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தளத்தை அண்ணாந்து பார்த்து, "அங்கதான் உன் தொட்டில், அந்தச் சுவத்தோரம்" என்று பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் என்றால் பூச்சுத்தூள் பாதி. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டான். நாளைக்கு என்னமோ தைரியம் கடையில் வந்து இறங்கப்போகிற மாதிரி.

அவனுடைய ஒரே நம்பிக்கை முட்டுக்கம்புகள். தளம் இறுகும் வரை அடியில் முட்டு நிற்கும். முட்டு நிற்கிற வரை விழாது. ஆகவே அவன் முட்டுக்கம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மூன்று வாரம் போதும் என்று கட்டடமே சொன்னது. அவன் மட்டும் தலையை ஆட்டினான்.

"அவசரப்படாதீங்க. இந்தச் சிமெண்ட் மெதுவாத்தான் இறுகும். கபித்தோலியோல கும்மட்டம் கட்டுனப்போ முட்டுக்கம்பை எத்தனை மாசம் எடுக்காம வெச்சிருந்தாங்க தெரியுமா?"

அத்தனையும் புளுகு. அந்தக் கும்மட்டத்துக்கு உள்ளே இரும்புச் சட்டம், வெளியே கல்லைப் போர்த்தியிருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியும். சாரத்தில் ஏறி அந்த இரும்பைத் தொட்டே பார்த்திருக்கிறான். ஆனால் எங்களில் யாருக்குத் தெரியும்? அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றோம். சொராய்தா அக்காவின் அறைக்குள் முட்டுக்கம்புகள் வாழைத்தோப்பு மாதிரி நின்றன. அவள் இடுப்பில் இடித்து இடித்து நீலம் பாரித்துப்போனது.

"உன் கும்மட்டம் என் இடுப்பை உடைச்சிடும்டா" என்பாள். சொல்லிவிட்டு ஒரு சின்னக் கோப்பையில் காப்பியை நீட்டுவாள். ரேஷனில் வருகிற காப்பி, பாதி பட்டாணி. அதில் முதல் கோப்பை தினமும் அவனுக்கு. தளம் போட்ட நாளிலிருந்து அந்த வழக்கத்தை ஆரம்பித்திருந்தாள். அவன் படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவு திறக்கும், கை நீளும். ஒஸ்மேல் அதை நின்ற இடத்திலேயே குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போவான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் பார்த்தான் ஒருநாள். அன்றைக்கும் கதவு திறந்தது.

வேலையும் கசந்தது. மாளிகையின் பெரிய கூடத்துக்குத் தொலைந்த காலடிகளின் கூடம் என்று பேர். நடந்தால் காலடிச் சத்தம் எங்கேயோ போய்க் கரைந்துவிடும். அதன் உள்கூரையில் அவன் வார்த்து ஒட்டிய பூக்களுக்கு மேல் தங்க ரேக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு பூவை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்ப்பான். இப்போது நகத்தால் சுரண்டிப் பார்த்தான். எது உதிர்ந்தாலும் சுவரோரத் தொட்டில்தான் ஞாபகம் வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும் இடம் முன்வாசல் வெண்கலக் கதவுக்கு எதிரில். நாட்டின் கதை முழுக்க அந்தக் கதவில் வார்த்திருக்கிறது. மாளிகையைக் கட்டுவித்த ஜனாதிபதி தன் முகத்தையும் அதில் வைத்துக்கொண்டார். அவரை விரட்டியபோது ஜனங்கள் வந்து கதவு முழுவதையும் விட்டுவிட்டு அந்த முகத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பது ஒஸ்மேலின் வழக்கம். இப்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான்.

இதால்மிஸ் கண்டுபிடித்துவிட்டாள். பெண்டாட்டிக்குத் தெரியாமல் எத்தனை நாள் தூங்காமல் இருக்க முடியும்? ஒரு சனிக்கிழமை அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, கூப்பிட்டா திடுக்குனு முழிக்கிற. யாரோ ஒருத்தி இருக்கா. சொல்லிடு மனுஷா, நான் என்ன ஏதுன்னு யோசிச்சே செத்துப்போறேன்."

அவன் சொன்னான். முழுக்கச் சொன்னான். இதால்மிஸ் கேட்டுவிட்டு அரிசித் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"ஒருத்தியா இருந்திருந்தாத் தேவலையேய்யா" என்றாள். "இப்பவே எழுந்து போ."

"வேலை போயிடும்டி. இத்தனை பேருக்குத் தெரிஞ்சா, சிமெண்ட் எடுத்ததை எவனாவது மேல போய்ச் சொல்லிடுவான். திறப்பு விழாவுல எங்க எல்லாரையும் அந்தக் கூடத்துல நிக்க வெக்கப் போறாங்க..."

"நிக்க வெச்சா? உன் தலை மேல அந்தப் பூவெல்லாம் உதிராம இருந்தாச் சரி. இப்பப் போறியா, நான் போகட்டுமா?"

"முட்டு நிக்குதுல்ல? விழாது. திங்கக்கிழமை நானே சொல்றேன். சத்தியமா."

திங்கட்கிழமை அவன் படியிறங்கியபோது வழக்கம்போலக் கதவு திறந்தது. காப்பியைக் குடித்தான். "அக்கா" என்றான். "என்னடா தம்பி?" என்றாள் அவள், அவ்வளவு பிரியமாக. "ஒண்ணுமில்ல, காப்பி நல்லா இருந்துச்சு" என்றான். திட்டுங்கள் அவனை, நன்றாகத் திட்டுங்கள். அவனே அன்று முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் திரும்பியபோது தெருவாசலில் முட்டுக்கம்புகள் அடுக்கிக் கிடந்தன. அடுத்த தெரு ஃபெர்மின் தன் தள்ளுவண்டியில் அவற்றை ஏற்றிக்கொண்டிருந்தான். கம்புகள் அவனுடையவை. எங்கள் பக்கத்தில் முட்டுக்கம்பு யாருக்கும் சொந்தமாக நிற்பதில்லை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"என் மாடிப்படிக்கு வேணும்னு கேட்டு எத்தனை நாளாச்சு!" என்றான் ஃபெர்மின். "உன் கும்மட்டக் கதையை நம்பி அந்தம்மா தரவே இல்ல. இன்னிக்கு ரெய்தெல்தான் போதும்னு தட்டி எடுத்துட்டான். ஒண்ணும் ஆகல பாரு, கல்லு மாதிரி நிக்குது."

ஒஸ்மேல் படியில் ஓடினான். சாப்பாட்டுப் பை எங்கே விழுந்தது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கதவு திறந்திருந்தது. முட்டு இல்லாமல் அறை இத்தனை பெரிதா என்றிருந்தது. மேலே ரெய்தெலும் பக்கத்து வீட்டு ஆள் ஒருவனும் ஏணி வழியாகக் கட்டில் சட்டத்தை ஏற்றி ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு நின்றார்கள். கீழே, சுவரோரம், அந்தத் தளத்துக்கு நேர் அடியில், தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சொராய்தா அக்கா தொட்டிலை ஆட்டிக்கொண்டே மேலே பார்த்து வேலை ஏவிக்கொண்டிருந்தாள்.

"வாடா, வா! முதல்ல ஏற வேண்டியது நீதான். ஏறு!"

"அக்கா, பிள்ளையைத் தூக்கு."

"தூங்குதுடா இப்பத்தான்."

"பிள்ளையைத் தூக்கு! வெளிய போ! ரெய்தெல், அசையாத, அந்தப் பக்கம் வராத! ஏணி வழியா இறங்கு!" அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. யாரும் அசையாததைப் பார்த்துவிட்டு அவனே பாய்ந்து தொட்டிலோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனான். பிள்ளை வீரிட்டது. மைலின் சமையல் மூலையிலிருந்து ஓடிவந்தாள். கட்டடமே கூடிவிட்டது.

"பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு?" என்றான் ரெய்தெல், இறங்கி வந்து.

"அது சிமெண்ட் இல்ல. அந்தப் பாதி. பூச்சுத் தூளு."

"கும்மட்டத்துச் சிமெண்ட்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"நிக்குதே!"

"காஞ்ச தோல் நிக்கிற மாதிரி நிக்குது. ஆள் போனா விழும்."

"அப்ப அங்க மட்டும் எப்படி நிக்குது? உன் மாளிகையில? அதே தூள்தானே அங்கயும்?"

"அங்க அது எதையும் தாங்க வேண்டியதில்ல. அழகுக்கு ஒட்டிக்கிட்டிருக்கு."

ரெய்தெல் நம்பவில்லை. வேலை செய்யத் தெரிந்தவன், தன் கையால் புரட்டிய கலவையை அவன் எப்படி நம்பாமல் இருப்பான்? "பைத்தியக்காரன்" என்று முனகிவிட்டுச் சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய் ஏணியில் நின்றபடி சுவரோரத் தளத்தை ஓங்கி ஒரு அடி அடித்தான். இரண்டாவது அடி தேவைப்படவில்லை. ஒரு ஆள் இறங்குகிற அகலத்துக்குப் பெயர்ந்து, கம்பி மட்டும் வலை மாதிரித் தொங்க, மற்றதெல்லாம் கீழே தொட்டில் இருந்த இடத்தில் வந்து கொட்டியது. சுண்ணாம்புப் புகை மெல்ல அடங்கியது. குவியலில் ஆளை நசுக்குகிற கட்டிகள் இருந்தன. மைலின் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெய்தெல் திரும்பி வந்து ஒஸ்மேலின் சட்டையைப் பிடித்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒஸ்மேலுக்கு இப்போதும் தோன்றும். ஆனால் சொராய்தா அக்கா, "விடு அவனை" என்றாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. அவன் வேலை போகவில்லை. மறுநாளும் அவன் உள்கூரையில் பூ ஒட்டப் போனான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். எங்க அறையை எடுத்துக்கங்க, நானும் இதால்மிஸும் தாழ்வாரத்துல படுத்துக்கறோம் என்றான். மறுபடி சிமெண்ட் கொண்டுவருகிறேன், கண்ணால் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கொண்டுவருகிறேன் என்றான். மைலின் அவன் நிற்கிற இடத்தில் நிற்கவே மறுத்துவிட்டாள். இந்தக் கட்டடத்தில் எந்தக் கூரைக்கடியிலும் இனி என் பிள்ளையைப் படுக்க வைக்கமாட்டேன் என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ரெய்தெல் ஊருக்குச் சேதி சொல்லிவிட்டான்.

போகிற அன்று விடியற்காலையில் கிழக்கே போகிற லாரி ஒன்று தெருமுனையில் வந்து நின்றது. சாமானை மாடியிலிருந்து இறக்கி ஏற்றக் கட்டடமே கூடியது. ஒஸ்மேலும் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். யாரும் தடுக்கவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை. லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினான். சொராய்தா அக்கா பிள்ளையை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தாள். லாரி கபித்தோலியோவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பி மறைந்தது. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அவள் மட்டும் நின்றாள். சற்றுத் தள்ளி அவன்.

"அன்னிக்கே ஏண்டா சொல்லல?" என்று கேட்டாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவனோடு பேசிய முதல் பேச்சு.

"வெக்கமா இருந்துச்சு அக்கா."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உங்கப்பாவை ஒரு வருஷம் துடைச்சு விட்டேன். வாய் பேச முடியாது. நான் துணியைத் தூக்குறப்பல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்குவாரு. கண்ணோரம் தண்ணி வழியும். ஆனா ஒரு நாளும் என் கையைத் தட்டிவிடல. சுத்தமா இருந்தாத்தான் புண்ணு வராது, பையன் ராத்திரி தூங்குவான்னு தாங்கிக்கிட்டுக் கிடந்தாரு. வெக்கம்னா அதுடா. உனக்கு இருந்தது வெக்கம் இல்ல."

அவள் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு படியேறிப் போனாள். அவன் வேலைக்கு நேரமாகும் வரை தெருவிலேயே நின்றான்.